கடைக் கணக்கும் நோட்டுக் கணக்கும்: ஏற்காட்டு வகுப்பறை ஒன்றிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

500-லிருந்து 178-ஐக் கழிக்கச் சொன்னால் இந்த ஆய்வுக்குரிய மாணவி நோட்டில் 478 என்று எழுதுவாள். அதே மாணவி, சனி ஞாயிறுகளில் பாட்டியின் பழக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது, 178 ரூபாய்க்குப் பழம் வாங்கிவிட்டு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுகிறவருக்கு 322 ரூபாயைப் பிசகில்லாமல் எண்ணிக் கொடுப்பாள். கணக்கு ஒன்றுதான், போடுகிற தலையும் ஒன்றுதான், விடை மட்டும் இரண்டு. அந்த இரண்டு விடைகளுக்கும் நடுவில்தான் ஆசிரியர் என்பவருக்கு வேலை இருக்கிறது என்பது என் கட்சி. அதை ஒரு பிள்ளையின் ஓராண்டுக் கதையாக இங்கே எழுதுகிறேன்.

பள்ளியும் பிள்ளையும்

சேர்வராயன் மலையில், ஏற்காடு ஏரியிலிருந்து சற்றுத் தள்ளி, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி எங்களுடையது. ஊர்ப் பெயரையும், பிள்ளையை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களையும் விட்டுவிட்டேன். ஈராசிரியர் பள்ளி. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் என்பது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் வகுத்த அளவு. ஒன்று முதல் மூன்று வரை தலைமை ஆசிரியரிடம். நான்கும் ஐந்தும் ஒரே அறையில் என்னிடம்.

1820-களில் சேலத்தில் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அதிலிருந்து இங்கே ஆண்டு என்றால் காப்பியின் ஆண்டுதான். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் செடிகள் வெள்ளை வெளேரென்று பூக்கும். நவம்பரில் தொடங்கும் பழப் பறிப்பு பொங்கலைத் தாண்டியும் நீளும். பறிப்புக் காலத்தில் என் வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அந்த வீட்டு அக்காக்கள் பள்ளிக்கு வர மாட்டார்கள். மே மாதம் கோடை விழா, மலர்க் கண்காட்சி என்று ஊரே நிரம்பி வழியும். அது கடைக்காரர்களின் அறுவடைக் காலம்.

மாணவி ஐந்தாம் வகுப்பு. தாய் தோட்டத்தில் பழம் பறிப்பவர். தந்தை திருப்பூரில் வேலை பார்த்து மாதம் ஒருமுறை வந்து போகிறவர். தாயைப் பெற்ற பாட்டி ஏரிக்குப் போகும் சாலையோரம் கடை வைத்திருக்கிறார். கொய்யா, ஆரஞ்சு, பட்டர் புரூட், பருவத்தில் பலாச்சுளை, சிறு பொட்டலங்களில் மிளகு. விடுமுறை நாளில் பேத்தி உடன் உட்காருவாள். குடும்பத் தொழிலில் பள்ளி நேரத்துக்கு வெளியே பிள்ளைகள் கைகொடுப்பதைச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் சுற்றுலாக் கூட்டம் அலைமோதிய ஞாயிறுக்கு மறுநாள் அவள் கண்கள் எப்படிச் சொக்கும் என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை, நான் பார்க்கிறேன்.

தமிழ் நன்றாக வாசிப்பாள். கையெழுத்து குண்டு குண்டாக, கோட்டை விட்டு விலகாமல் இருக்கும். கணக்கில் மட்டும் ‘அரும்பு’ நிலை. தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாகப் பிள்ளைகளை நிலை பிரிப்பது பழக்கம். ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகும் அரும்பிலேயே நிற்கிற பிள்ளையைப் பற்றி எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: “அவளுக்குக் கணக்கு வராது.” வீட்டில் அப்படித்தான் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் சொன்னாள், பெயரையும் ஊரையும் சொல்வது போல.

நோட்டில் கண்டது

ஜூன் கடைசியில் அவள் கழித்தல் கணக்குகளை எல்லாம் ஒரு தாளில் எடுத்து எழுதினேன். 63-லிருந்து 27 போனால் 44. 405-லிருந்து 138 போனால் 333. 500-லிருந்து 178 போனால் 478.

தவறு என்று சிவப்பு மையில் சுழித்துவிட்டால் ஐந்து நிமிட வேலை. கொஞ்சம் உட்கார்ந்து பார்த்தால் மூன்றிலும் ஒரே விதி ஓடுவது தெரியும். ஒவ்வொரு நிரலிலும், மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும், பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழிக்கிறாள். 3-லிருந்து 7 போகாது, எனவே 7-லிருந்து 3. பூஜ்யத்திலிருந்து 8 போகாது, எனவே 8. சின்னதிலிருந்து பெரியது போகாது என்று யாரோ முன்பு சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதை அவள் அப்பழுக்கில்லாமல் கடைப்பிடிக்கிறாள்.

பிள்ளைகளின் கழித்தல் பிழைகளில் பெரும்பகுதி கவனக்குறைவால் வருவதல்ல, ஒழுங்கான ஒரு தவறான விதியால் வருவது என்பதை 1978-லேயே ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் விரிவாகக் காட்டிவிட்டார்கள். பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பது அவர்கள் பட்டியலில் மிகவும் பழகிய பிழை. இதைத் தெரிந்துகொள்வதால் ஒரு பெரிய நன்மை உண்டு. விதி வைத்துக்கொண்டு யோசிக்கிற பிள்ளை யோசிக்கத் தெரிந்த பிள்ளை. ‘வராது’ என்ற சொல்லுக்கு அங்கேயே இடமில்லாமல் போகிறது.

கடையில் கண்டது

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கடைக்குப் போய் உட்கார்ந்தேன். பாட்டி எழுந்து, “டீச்சரம்மா, உட்காருங்கள்” என்று பலகையைத் துடைத்துப் போட்டார். பேத்தி என்னைப் பார்த்துக் கொஞ்சம் கூச்சப்பட்டாள். அதுவும் வாடிக்கையாளர் வரும் வரைதான்.

சேலத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் பட்டர் புரூட்டும் கொய்யாவும் மிளகும் வாங்கியது. விலைகளை அவள் மனத்திலேயே கூட்டி, “நூற்று எழுபத்தெட்டு” என்றாள். ஐந்நூறு ரூபாய்த் தாளை வாங்கிச் சாக்குக்கு அடியில் செருகினாள். பிறகு அவர் உள்ளங்கையில் ஒரு இரண்டு ரூபாய் நாணயத்தை வைத்து, “நூற்று எண்பது.” இருபது ரூபாய்த் தாளை அதன்மேல் வைத்து, “இருநூறு.” அடுத்து மூன்று நூறு ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக வைத்தாள். “முந்நூறு, நானூறு, ஐந்நூறு.” முழுவதும் முடிவதற்குள் கண் அடுத்த ஆளிடம் போய்விட்டது. கைகள் மட்டும் கணக்கை முடித்தன.

நன்றாகக் கவனியுங்கள், அவள் கழிக்கவே இல்லை. 178-லிருந்து மேலே ஏறி 500-ஐத் தொட்டாள். கடைத்தெருவில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். அதில் தவறு வருவது அரிது. ஏனென்றால் ஒவ்வொரு படியிலும் வாங்குகிறவரும் உடன் எண்ணுகிறார்.

மறுநாள் அதே கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன். 478 என்று எழுதினாள். “நேற்று அந்த மாமாவுக்கு 478 ரூபாயா திருப்பிக் கொடுத்தாய், கண்ணு?” என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அது கடைக் கணக்கு டீச்சர். இது நோட்டுக் கணக்கு.”

அவள் குழம்பவில்லை. இரண்டும் வேறு வேறு என்று திட்டமாக நம்பினாள். கடையில் 478 கொடுத்தால் பாட்டிக்கு நட்டம், கேள்வி வரும். நோட்டில் 478 எழுதினால் ஒரு சிவப்புக் குறி, அவ்வளவுதான். நான்கு ஆண்டுகளாக நோட்டுக் கணக்குக்கும் உலகத்துக்கும் தொடர்பு உண்டு என்று நினைக்க அவளுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

இது அவள் ஒருத்தியின் கதை அல்ல

1985-ல் வெளியான ஓர் ஆய்வுக்காக, பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் இளநீரும் பழமும் விற்ற பிள்ளைகளை மூன்று ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். விற்கும்போது கேட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி. அதே பிள்ளைகளிடம் அதே வகைக் கணக்கைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது சரியானது 37 சதவீதம் மட்டும்.

நம் நாட்டிலேயே பெரிய அளவில் இதைச் சோதித்திருக்கிறார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட குழு கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 பிள்ளைகளைச் சோதித்து, முடிவை 2025-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டது. சிக்கலான சந்தைக் கணக்கைக் கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் போட்டார்கள். பள்ளிப் பாணியில் எழுதிக் கொடுத்த, அதைவிட எளிய கணக்கில் தடுக்கி விழுந்தார்கள். இன்னொரு பாதிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அருகில் இருந்த பள்ளிகளில் படித்த, விற்றுப் பழகாத 471 பிள்ளைகள் இதற்கு நேர்மாறு. தாளில் போட்டார்கள், சந்தைக் கணக்கில் விழித்தார்கள்.

அந்த இன்னொரு பாதியும் என் வகுப்பில் இருந்தது. எஸ்டேட் ரைட்டரின், அதாவது தோட்டத்தில் கணக்கு எழுதுபவரின் மகன், நான்காம் வகுப்பு. 500-லிருந்து 178-ஐ நிரல் பிறழாமல் கழித்து 322 என்று அழகாக எழுதுவான். அவன் கையில் சில்லறையைக் கொடுத்து, இந்தா, மீதி கொடு என்றால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பான். கிராமப்புறப் பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் ஏசர் ஆய்வின் 2024-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, நாட்டின் கிராமப்புற மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் 33.7 சதவீதம் பேருக்குத்தான் கழித்தல் போட வருகிறது. அந்தப் புள்ளிவிவரத்தில் என் பையன் ‘வரும்’ பக்கம், என் பெண் ‘வராது’ பக்கம். இருவரையும் அருகருகே உட்கார வைத்துப் பார்த்தவர்கள் அந்தக் கோட்டை அவ்வளவு எளிதாகப் போட மாட்டார்கள்.

இரண்டு ஆய்வுகளும் சொல்வது: ஓரிடத்தில் கற்றது தானாக இன்னோரிடத்துக்குப் போவதில்லை. யாராவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

ஒரு கருத்து வேறுபாடு

தலைமை ஆசிரியரிடம் இதையெல்லாம் சொன்னேன். நல்ல மனிதர், பிள்ளைகள்மேல் உயிராக இருப்பவர். “அவள் வழியிலேயே போடட்டுமே. விடை வந்தால் போதாதா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?” என்றார். பலருக்கும் இந்த எண்ணம் உண்டு. கேட்க இதமாக இருக்கிறது, பிள்ளையை மதிப்பது போலவும் இருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. ஏட்டுச் சுரைக்காயை எட்டியும் பார்க்க வேண்டாம் என்று நாம் சொல்லிவிடுகிற பிள்ளைகள் எப்போதும் ஏழைப் பிள்ளைகளாகவே இருக்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம். ரைட்டரின் மகனிடம் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள்.

பாட்டி தன் வீட்டு மரங்களில் ஏறிய கொடிகளின் மிளகைக் காயவைத்து டவுனில் ஒரு வியாபாரியிடம் போடுகிறார். வியாபாரி ஒரு துண்டுச்சீட்டு தருவார். எடை, விலை, முன்பு வாங்கிய பணத்துக்குப் பிடித்தம், மீதி. நான் கடையில் உட்கார்ந்திருந்த அன்று பாட்டி அப்படி ஒரு சீட்டைச் சுருக்குப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். 4,650, அதன்கீழ் 1,875, அதன்கீழ் 2,775. “சரியாகத்தான் இருக்கும், டீச்சரம்மா. நான் எங்கே கண்டேன்?” என்றார். நாள் முழுக்கக் காசைக் கையாளுகிற அம்மா அவர், ஒரு ரூபாய் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் காகிதத்தில் எழுதிவிட்ட கணக்கின் முன்னால் வாயடைத்து நிற்கிறார். கூலிச் சீட்டு, கூட்டுறவுக் கடன் புத்தகம், வங்கிப் புத்தகம் என்று இந்தப் பெண்ணின் வாழ்க்கையில் பெரிய பணம் எல்லாம் எழுத்தில்தான் வரப்போகிறது. திறமையைக் கண்டு மெச்சிவிட்டுப் பின்வாங்கிக்கொண்டால் அது பார்வையாளரின் வேலை. மெச்சுவதோடு நிற்காமல் அந்தத் திறமையைக் காகிதத்துக்குக் கொண்டுவந்து சேர்க்கிற வரை உடன் இருப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

சட்டமும் அதையே சொல்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளை அடுக்கும்போது, ஒவ்வொரு பிள்ளையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டு அதற்கேற்பக் கூடுதலாகக் கற்பிப்பதையும் ஒரு கடமையாக வைத்திருக்கிறது. ‘ஒவ்வொரு பிள்ளை’ என்ற இடத்தில் நான் நின்றுவிடுகிறேன். எமிஸ் என்னும் பள்ளித் தகவல் இணையதளப் பதிவு, காலை உணவு, சத்துணவுக் கணக்கு, கூட்டங்கள் எல்லாம் போக, இரண்டு வகுப்புகளை ஒன்றாக வைத்துக்கொண்டு அதைச் செய்வது கடினம். கடினம் என்பதால் கடமை இல்லை என்றாகிவிடாது.

செய்தது

தாளில் அச்சடித்த நூறு, பத்து, ஒன்று ரூபாய்களை வெட்டி எடுத்துக்கொண்டோம். ஐந்து நூறு ரூபாய்த் தாள்களை அவளிடம் கொடுத்து, 178-ஐ எடுத்துவிட்டு மீதியைச் சொல் என்றேன். ஒரு நூறை மாற்றிப் பத்துப் பத்துகளாக்குவாள் என்பது எதிர்பார்ப்பு. அவள் மாற்றவில்லை. “எதற்கு மாற்ற வேண்டும், டீச்சர்? ஐந்நூறையும் வாங்கிப் போட்டுக்கொண்டு மீதியைக் கொடுத்துவிட்டால் முடிந்தது” என்றாள். கடைக்காரியின் நியாயம். கடையில் நூறை உடைக்க வேண்டிய நெருக்கடியே அவளுக்கு வந்ததில்லை. பாட்டியின் டப்பாவில் சில்லறை எப்போதும் இருக்கும்.

அங்கேதான் இந்தக் கணக்கின் முடிச்சு இருந்தது. எழுத்துக் கழித்தல் கடைக்காரரின் இடத்திலிருந்து போடப்படுவதல்ல, பணம் கொடுக்கிறவரின் இடத்திலிருந்து போடப்படுவது. எனவே அவளை இந்தப் பக்கம் உட்கார வைத்தேன். எதிரில் கடைக்காரராக வேறொரு பெண், “சில்லறை இல்லை, சரியாக 178 கொடு” என்று கறாராகச் சொன்னாள். வகுப்பின் மூலையில் ரைட்டரின் மகன் வங்கி. நூறு கொடுத்தால் பத்துப் பத்துகள் தருவான், பத்து கொடுத்தால் பத்து ஒன்றுகள் தருவான். வேறு எந்த உதவியும் செய்ய மாட்டான்.

ஐந்து நூறுகளையும் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு எழுந்து வங்கிக்குப் போய் ஒரு நூறைக் கொடுத்துப் பத்துப் பத்துகள் வாங்கினாள். திரும்பி வந்து எட்டு ஒன்றுகள் இல்லை என்று கண்டு, மறுபடி போய் ஒரு பத்தை உடைத்தாள். இப்போது மேசைமேல் நான்கு நூறு, ஒன்பது பத்து, பத்து ஒன்று. அதிலிருந்து 178-ஐ எடுத்துக் கொடுத்தாள். மிஞ்சியவை மூன்று நூறு, இரண்டு பத்து, இரண்டு ஒன்று. எண்ணிப் பார்த்துவிட்டு, “322. கடையில் வந்ததேதான்!” என்று எழுந்து நின்றுவிட்டாள்.

வங்கிக்கு ஒவ்வொரு முறை போய் வந்ததும் நோட்டில் ஒரு குறிப்பு எழுத வேண்டும் என்பது அடுத்த நாள் சேர்த்த விதி. முதல்முறை போய் வந்தால் 5-ஐ அடித்து மேலே 4, பக்கத்துப் பூஜ்யத்தின்மேல் 10. இரண்டாம் முறை வந்தால் அந்தப் பத்தை அடித்து 9, கடைசிப் பூஜ்யத்தின்மேல் 10. கரும்பலகையில் ஆண்டாண்டாக நாங்கள் போட்டுக்காட்டும் அந்த அடித்தல் திருத்தல் எல்லாம் அவள் வங்கிக்கு நடந்து போன கணக்கு என்று ஆனது. சில வாரங்களில் தாள்களை மேசையடியில் வைத்துவிட்டு நோட்டில் மட்டும் போட்டாள். இடறினால் கை தானாக மேசையடிக்குப் போகும். நான் தடுக்கவில்லை.

கடைக் கணக்கை அவள் கைவிடவும் நான் விடவில்லை. நிரல் போட்டு விடை கண்டதும், பக்க ஓரத்தில் தன் வழியில் 178-லிருந்து ஏறி 500-ஐத் தொட்டுச் சரிபார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் என்னிடம் நோட்டைக் கொண்டுவந்து காட்ட வேண்டியதில்லை. இந்த ஆய்வில் நான் மிகவும் பெருமைப்படும் பகுதி இதுதான். சரியா தவறா என்று அறிய ஆசிரியர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு, தன் வேலையைத் தானே நிறுத்துப் பார்க்க ஒரு வழி கிடைத்தது.

விளைவு

நேர்கோட்டில் போகவில்லை. நவம்பரில் பறிப்பு தொடங்கியதும், தம்பியைப் பார்த்துக்கொள்ள அவள் வீட்டில் நின்றாள். விட்டு விட்டுத்தான் பள்ளிக்கு வந்தாள். பொங்கல் கழிந்து வந்தபோது பழைய விதி மறுபடி தலைகாட்டியது; 405-லிருந்து 138-க்கு 333 என்றே எழுதினாள். ஆனால் இந்த முறை ஓரத்தில் சரிபார்க்கும்போது அவளே நிறுத்தி, அடித்துவிட்டு, 267 என்று திருத்தினாள். ஒருவர் கற்றுக்கொண்டார் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல அடையாளம் தெரியாது.

பிப்ரவரியில் பாட்டி மிளகு போட்டுவிட்டு வந்த சீட்டை அவள் நோட்டில் எடுத்து எழுதிப் போட்டுப் பார்த்திருக்கிறாள். வியாபாரி எழுதியது சரியாகவே இருந்தது. “சரியாகத்தான் கொடுத்திருக்கிறார், அம்மாயி” என்று பேத்தி சொன்னதைப் பாட்டி என்னிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார். அன்று வரை வியாபாரியை நம்பி வந்தவர், இனி தெரிந்தே நம்பலாம்.

ஆண்டு முடிவில் மூன்று இலக்கக் கழித்தல் திடமாக இருந்தது. நான்கு இலக்கத்தில் நடுவே இரண்டு பூஜ்யம் வந்தால் தடுமாறினாள். 3,004-லிருந்து 1,256 போன்றவை. வகுத்தல் பாதி வழியில் நிற்கிறது. ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய்விட்டாள். மாற்றுச் சான்றிதழுடன் அங்குள்ள கணித ஆசிரியருக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதி அனுப்பினேன்: மனக்கணக்கு மிகவும் வலுவானது; எழுதிய விடையைத் தானே சரிபார்ப்பாள், அதற்கு நேரம் கொடுங்கள்; நடுவில் பூஜ்யங்கள் வந்தால் தாள் ரூபாய்களைக் கொடுங்கள்; நவம்பர் முதல் ஜனவரி வரை வருகை குறையும், அப்போது புதிய பாடத்தை அவளுக்காகக் குறித்து வையுங்கள். ‘கணக்கு வராது’ என்று யாராவது சொன்னால் ஞாயிற்றுக்கிழமை ஏரிச் சாலைக்குப் போய்ப் பாருங்கள் என்றும் எழுதினேன்.

ரைட்டரின் மகன் இந்த ஆண்டு ஐந்தாம் வகுப்பில் என்னிடமே இருக்கிறான். நிரல் போட்டுக் கழிப்பதில் இன்னும் பிசகில்லை. சில்லறை எண்ணிக் கொடுக்கச் சொன்னால் இன்னும் தடுமாற்றம். விடுமுறையில் சில மணி நேரம் பாட்டியின் கடையில் அவனை உட்கார வைக்கலாமா என்று அவன் அப்பாவைக் கேட்டேன். படிக்கிற பையன் கடையில் உட்காருவதா என்று தயங்குகிறார். அதனால் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் வகுப்பிலேயே கடை போடுகிறோம். பழம் பிள்ளைகள் வீட்டிலிருந்து வருகிறது, விலையை அவர்களே நிர்ணயிக்கிறார்கள், கல்லாவில் அவன் உட்காருகிறான்.